எட்டு வசைச்சொற்களும் ஒரு சிறு கட்டமும்: மெக்மின் கவுன்டியில் 'மௌஸ்' நீக்கப்பட்ட விதம்

பின்னணி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில், சட்டநூகா நகரங்களுக்கு இடையே இருக்கிறது மெக்மின் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). 2022 ஜனவரி 10 அன்று அதன் பள்ளி வாரியம் சிறப்புக் கூட்டம் கூட்டி, எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திலிருந்து 'மௌஸ்' என்ற காமிக்ஸ் நூலை நீக்கியது. வாக்குகள் 10-0. அமெரிக்கப் பள்ளிகளில் காமிக்ஸ் நீக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்பது கூட்டக் குறிப்பாக வெளியாகியிருப்பதால், எந்த இடத்தில் காரியம் தடம் மாறியது என்று படிப்படியாகப் பார்க்க முடிகிறது. வாரிய உறுப்பினர்கள், அலுவலர்கள் ஆகியோரின் பெயர்களை இங்கே விட்டுவிட்டோம். பொறுப்பைக் குறிப்பிட்டாலே போதும்.

நூலைப் பற்றிக் கொஞ்சம். ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தந்தையின் வாயால் கேட்டு வரைந்த வரலாறு அது. போலந்து யூதரான தந்தையும் தாயும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள் என்ற வேடத்தில் கதை நடக்கும். 1980 முதல் ஒரு சிற்றிதழில் தொடராக வந்து, முதல் பாகம் 1986-லும் இரண்டாம் பாகம் 1991-லும் நூலாயின. 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. அதற்கு முன் எந்த கிராஃபிக் நாவலும் அந்தப் பரிசைப் பெற்றதில்லை. இரண்டாம் பாகத்தை 'நியூயார்க் டைம்ஸ்' புனைகதை விற்பனைப் பட்டியலில் போட்டபோது, இது புனைகதை அல்ல என்று ஆசிரியர் கடிதம் எழுதினார்; நாளிதழ் அதைப் புனைவல்லாத நூல்களின் பட்டியலுக்கு மாற்றியது. எலியும் பூனையும் பேசுவதைப் பார்த்ததும் அட்டையைக் கொண்டே வகை பிரித்துவிடும் பழக்கம் அன்றே இருந்தது. தமிழில் 'படக்கதை' என்று சொல்லும்போது வாண்டுகளுக்கானது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறதல்லவா, அதே கதைதான்.

மெக்மின் பள்ளிகள் பயன்படுத்தியது வெளி நிறுவனம் ஒன்று தயாரித்த ஆங்கிலப் பாடத்திட்டம். எட்டாம் வகுப்பின் மூன்றாம் அலகு யூத இனப்படுகொலை பற்றியது. அதன் மைய நூல் 'மௌஸ்' முதல் பாகம். அதாவது விருப்ப வாசிப்புக்காக அலமாரியில் வைத்த புத்தகம் அல்ல. வகுப்பில் எல்லாரும் ஒன்றாக, வாரக்கணக்கில், ஆசிரியரோடு படிக்க வேண்டியது. படிக்கப்போகிறவர்கள் 13, 14 வயதுப் பிள்ளைகள். அந்த அலகு தொடங்கவிருந்த நேரத்தில்தான் ஆட்சேபம் வந்தது.

கவனிக்கப்பட்டவை

ஆட்சேபம் முதலில் கூட்டத்துக்கு வரவில்லை. வாரிய உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் பள்ளிகளின் இயக்குநரை அவர் அலுவலகத்தில் நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். இதை இயக்குநரே கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்கிறார். நூலில் எட்டு வசைச்சொற்கள் இருக்கின்றன, ஒரு பெண்ணின் நிர்வாணப் படம் இருக்கிறது என்பவைதான் அப்போது எடுத்துவைக்கப்பட்ட இரண்டு குறைகள்.

அந்தப் படம் எது என்று கிட்டத்தில் பார்த்துவிடுவது நல்லது. முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்துக்குள் நான்கு பக்கச் சிறு காமிக்ஸ் ஒன்று பொதிந்திருக்கிறது. ஸ்பீகல்மன் பல ஆண்டுகளுக்கு முன் தனியாக வரைந்தது அது. அங்கே எலி வேடம் கிடையாது. மனிதர்கள் மனிதர்களாகவே, கனத்த கறுப்புக் கோடுகளில் வருகிறார்கள். 1968-ல், மகனுக்கு இருபது வயதானபோது, தாய் தற்கொலை செய்துகொண்டார். அந்த நாலு பக்கத்திலும் மகன் சிறைக் கைதியின் கோடு போட்ட சட்டையோடு திரிகிறான். ஒரு கட்டத்தில், அதாவது பக்கத்தின் ஒரு படச் சட்டத்துக்குள், அவன் மண்டைக்குள் ஓடுவதெல்லாம் துண்டு துண்டாக நெருக்கியடித்துக் கிடக்கின்றன: குளியல் தொட்டியில் தாயின் உடல், ஹிட்லர்தான் காரணம் என்ற கூச்சலோடு பிணக் குவியல், 'அம்மா' என்ற ஒற்றைச் சொல்லோடு குழந்தைக்குக் கதை படித்துக் காட்டும் தாய், முகாம் எண் பச்சை குத்திய கையை அறுக்கும் சவரக்கத்தி. கத்தியின் பக்கத்தில் தாயைக் குறித்து ஒரு வசைச்சொல். நிர்வாணம் என்று சொல்லப்பட்டது அந்தத் தொட்டிக்குள் கிடக்கும் சின்னஞ்சிறு உருவம். கட்டைவிரலால் மறைத்துவிடலாம், அவ்வளவுதான் அதன் அளவு.

கூட்டத்தில் பாடப்பிரிவு அலுவலர்கள் நூலுக்காகப் பேசினார்கள். அவர்களில் வரலாற்று ஆசிரியராக இருந்தவரும் உண்டு. நடந்தது அழகானதல்ல, அதை அழகாகக் காட்ட முடியாது என்பது அவர் வாதம். எதிர்த்தவர்களில் ஒருவர் தூக்கில் தொங்குவதையும் குழந்தைகள் கொல்லப்படுவதையும் பள்ளி ஏன் ஊக்குவிக்க வேண்டும் என்று கேட்டார். வேறொருவர் நூலை முழுதாகப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டே பேசினார். சொற்களில் சில, மகன் தந்தையைத் திட்டுபவை என்பதும் பேச்சில் வந்தது. ஏன் திட்டுகிறான் என்பது வரவில்லை. தாய் எழுதிவைத்திருந்த நாட்குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டார் என்று முதல் பாகத்தின் கடைசியில் தெரியவருகிறது. மகன் அவரைக் கொலைகாரன் என்கிறான். சாட்சியத்தை அழித்தவன் மேல் வரும் கோபம் அது. இனப்படுகொலைப் பாடத்தில் பிள்ளைகள் எழுதக்கூடிய மிகச் சிறந்த கட்டுரைத் தலைப்பு அங்கேதான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு இயக்குநருடையது. வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, எட்டுச் சொற்களையும் அந்தப் பெண்ணின் படத்தையும் மறைத்துவிட்டு நூலை நடத்தலாம் என்று அவர் முன்மொழிந்தார். இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் வழி என்று நினைத்திருக்க வேண்டும். நம் பார்வையில், வழுக்கல் தொடங்கியது இங்கேதான். மறைக்கச் சம்மதித்த மறுகணமே, நூலில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. மிச்சமிருந்த கேள்வி எவ்வளவு மறைப்பது என்பதுதான். அது முடிவே இல்லாத கேள்வி.

காமிக்ஸில் மறைப்பது உரைநடையில் மறைப்பது போன்றதும் அல்ல. அச்சடித்த நாவலில் ஒரு சொல்லின் மேல் மை பூசினால் அந்த வரியில் ஒரு சொல் குறையும். இங்கே எழுத்து கையால் எழுதியது, படத்தின் பகுதி. ஸ்பீகல்மன் 'மௌஸ்' பக்கங்களை அச்சில் வரும் அதே அளவில் பேனாவால் வரைந்தவர். பெரிதாக வரைந்து சுருக்கவில்லை. ஒரு கட்டத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் பக்கத்தின் மொத்தக் கறுப்பு வெள்ளையும் புரண்டுபோகும், கண் முதலில் போய் நிற்பது அந்தப் பட்டையில்தான். எந்தப் பிள்ளையும் முதலில் செய்வது பட்டைக்கு அடியில் என்ன என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. மேலே சொன்ன கட்டத்தில் தொட்டியையும் வசைச்சொல்லையும் மறைத்தாலும் சவரக்கத்தியும் கையும் அப்படியே இருக்கும். பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. அது கூட்டத்திலேயே எழுந்தது.

விவாதம் பிறகு நூலை விட்டு விலகி, வெளி நிறுவனப் பாடத்திட்டம் முழுவதன் மேலும் சந்தேகமாக வளர்ந்தது. கடைசியில் வந்த தீர்மானம்: நூலை எடுத்துவிடுவது, இனப்படுகொலையைக் கற்பிக்க வேறு வழி கண்டுபிடிக்கும்படி பாட அலுவலர்களிடம் சொல்வது. பத்துப் பேரும் ஆதரித்தார்கள்.

இன்னும் இரண்டு வழிகள் அன்று கையில் இருந்தன. பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதி, வேண்டாம் என்பவர்களின் பிள்ளைகளுக்கு மாற்று நூல் கொடுத்து மற்றவர்களுக்கு நடத்துவது ஒன்று. மேல் வகுப்புக்கு நகர்த்துவது மற்றொன்று. நூலைத் தொடாமல் சிக்கலைத் தீர்க்கக்கூடியவை இவைதான். இரண்டும் வாக்கெடுப்பு வரை போகவில்லை.

சட்டப்படி வாரியத்துக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்றால், பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை பெருமளவு இருந்தது. 1982-ல் பிக்கோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொட்டது பள்ளி நூலகத்தை. ஒரு கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலக நூல்களை வாரியம் எடுத்துவிடக் கூடாது என்று நால்வர் கொண்ட அணி எழுதியது. பெரும்பான்மைக் கருத்து எதுவும் உருவாகாததால் அந்தத் தீர்ப்பின் பலம் இன்றும் சர்ச்சைக்குரியது. வகுப்பில் என்ன நடத்துவது என்பதில் வாரியங்களுக்கு அதைவிட அதிக இடம் இருக்கிறது. தடை செய்தார்கள், செய்யவில்லை என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொன்னதன் அடிப்படை இந்த வேறுபாடு. பாடம், வகுப்பறை அலமாரி, பள்ளி நூலகம், பொது நூலகம் என்ற நாலும் வேறு வேறு. எதிலிருந்து நீக்கப்பட்டது என்று முதல் வரியிலேயே எழுதாத செய்தியை வைத்து சம்பவத்தை எடைபோடக் கூடாது.

பின் நடந்தவை

இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஜனவரி 26 அன்று செய்தி பரவியது. மறுநாள், ஜனவரி 27, இனப்படுகொலையில் இறந்தவர்களை உலகம் நினைவுகூரும் நாள். அன்றே வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேவையற்ற வசைச்சொல், நிர்வாணம், வன்முறை மற்றும் தற்கொலைச் சித்திரிப்பு ஆகியவை காரணம் என்றும், இனப்படுகொலையைக் கற்பிப்பதில் தங்களுக்கு மறுப்பில்லை என்றும் சொன்னது.

காரணப் பட்டியல் நீண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இயக்குநரிடம் போனபோது முன்னால் நின்றவை சொற்களும் நிர்வாணமும். தற்கொலை அறிக்கையில் வந்து கடைசியில் நிற்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தற்கொலைக் காட்சியை எப்படிக் காட்டுவது என்பது பெற்றோர் கேட்க முழு நியாயமுள்ள கேள்வி. வகுப்பில் அப்படி ஓர் இழப்பைச் சந்தித்த பிள்ளை இருக்கலாம். அதை முதலில் வைத்து, பள்ளி ஆலோசகரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் உரையாடல் வேறு மாதிரிப் போயிருக்கும். சொற்களை எண்ணுவது சுலபம். எண்ணினார்கள்.

நூல் நாடு முழுக்க விற்றுத் தீர்ந்தது. அமேசான் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. நாக்ஸ்வில்லில் ஒரு காமிக்ஸ் கடை, மாணவர்களுக்கு இலவசப் பிரதி கொடுக்க 20,000 டாலர் திரட்டத் தொடங்கி ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. வட கரோலினாவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் மெக்மின் மாணவர்களுக்கு இணையவழி வகுப்பு நடத்த முன்வந்தார். பிப்ரவரி 7 அன்று சட்டநூகா யூத அமைப்பு ஏற்பாடு செய்த இணையக் கூட்டத்தில் ஸ்பீகல்மன் பேசினார். பிப்ரவரி 10 அன்று வாரியம் மறுபடி கூடியபோது அறை நிரம்பியது. முடிவு மாறவில்லை.

இந்த விற்பனையைக் காட்டி, தடை நூலுக்கு விளம்பரம்தானே என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்தக் கணக்கில் எட்டாம் வகுப்பு இல்லை. வாரக்கணக்கில் ஆசிரியரோடு பக்கம் பக்கமாகப் படித்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது, கேட்டு வாங்கினால் ஓர் இலவசப் பிரதி. சவரக்கத்திக் கட்டத்தைத் தனியறையில் தனியாகப் பார்ப்பதா, விளக்க ஒருவர் இருக்கும் வகுப்பில் பார்ப்பதா, எது பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பதைத்தான் வாரியம் கேட்டிருக்க வேண்டும். இதே கிழக்கு டென்னசிப் பக்கம், விட்வெல் என்ற சிறு ஊரின் நடுநிலைப் பள்ளி, இதே வயதுப் பிள்ளைகளைக் கொண்டு 1998-ல் கொல்லப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு காகிதக் கவ்வி (பேப்பர் கிளிப்) என்று சேர்க்கத் தொடங்கி, இனப்படுகொலைப் பாடத்துக்கே பேர்போன இடமானது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் கனமானது என்ற வாதம் நிற்காது.

சட்டச் சூழல் பிறகு இறுகியது. டென்னசி 2022-ல் பள்ளி நூலகங்கள் தங்கள் நூல்பட்டியலை வெளியிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2024-ல் செய்த திருத்தத்தின்படி நூலின் ஒரு பகுதியில் நிர்வாணம் இருந்தாலே அது பள்ளி நூலகத்துக்கு ஏற்றதல்ல. முழு நூலைப் பார்க்க வேண்டிய அவசியம் சட்டத்தாலேயே போய்விட்டது. மிசௌரி மாநிலத்தின் 2022 சட்டம் காமிக்ஸை நேராகவே தாக்கியது. பாலியல் வெளிப்படையானவை என்று அது குற்றமாக்கியது படங்களை மட்டும், எழுத்தை அல்ல. அதன்படி ஒரே காட்சி நாவலில் இருந்தால் நூலகருக்குப் பிரச்சினை இல்லை, கிராஃபிக் நாவலில் இருந்தால் சிறை வரை போகலாம் என்ற நிலை வந்தது. பயந்த பள்ளிகள் சில மாதங்களில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான தலைப்புகளை எடுத்துவிட்டதாக எழுத்துச் சுதந்திரத்துக்காக இயங்கும் பென் அமெரிக்கா அமைப்பு கணக்கிட்டது.

எங்கே பிசகியது

காமிக்ஸ் எளிதில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் அதில் இருப்பது மோசமானது என்பதல்ல. அதைப் படிக்காமலேயே பார்க்க முடியும் என்பதுதான். நாவலில் ஒரு வரியை எதிர்க்க வேண்டுமானால் ஒரு பக்கமாவது வாசித்தாக வேண்டும். காமிக்ஸில் ஒரு கட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். மூன்று நொடியில் தீர்ப்பு. அதற்கு முன்னும் பின்னும் உள்ள கட்டங்கள், இரண்டு கட்டங்களுக்கு நடுவே வாசகர் இட்டு நிரப்ப வேண்டிய வெற்றிடம் எதுவும் அந்தப் படத்தோடு போவதில்லை. இந்தியாவிலும் பார்த்திருக்கிறோம். 2012-ல் என்சிஇஆர்டி பதினோராம் வகுப்புப் புத்தகத்திலிருந்த அம்பேத்கர் கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தை உலுக்கியது. அடுத்து, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய சித்திரத்துக்குத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த எதிர்ப்பு சரியா தவறா என்பது தனி விஷயம். சித்திரத்தோடு பாடம் கேட்ட கேள்வி என்ன என்பது இரண்டு முறையும் பெரிதாகப் பேசப்படவில்லை.

இனிச் செய்வதென்றால்

நூல் வகுப்புக்கு வருவதற்கு முன்பே, ஆட்சேபம் வரக்கூடிய கட்டங்களுக்கு ஓர் அட்டவணை தயாராக இருக்க வேண்டும்: பக்க எண், கட்ட எண், என்ன காட்டுகிறது, கதையில் ஏன் இருக்கிறது, வகுப்பில் எப்படிக் கையாளப்படும். 'மௌஸ்' முதல் பாகத்துக்கு இது ஓர் ஆசிரியரின் இரண்டு மாலைப் பொழுது வேலை. இதை எழுதும்போதே பலவீனமான இடங்கள் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். எதிர்ப்பாளர் கையிலிருந்து முதன்முறையாக அந்தக் கட்டத்தைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது.

பெற்றோர் கடிதம் அலகு தொடங்க மூன்று வாரம் முன்பாகப் போக வேண்டும். தற்கொலைக் காட்சி இருக்கிறது என்று அதில் மழுப்பாமல் எழுத வேண்டும். மாற்று நூலின் பெயரும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்; கேட்டால் தருவோம் என்று விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், நேரே வாரியத்துக்குப் போவார்கள். குடும்பத்தில் அப்படி ஓர் இழப்பு நடந்த பிள்ளை அந்த நாலு பக்கத்தைத் தவிர்க்கலாம். கதை புரியாமல் போகாது.

ஆட்சேபம் வந்தால் எழுத்தில் வாங்க வேண்டும், வாரிய உறுப்பினர் ஆனாலும் சரி. படிவத்தின் முதல் கேள்வி நூலை முழுதும் படித்தீர்களா என்பது. இல்லை என்று எழுதியவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பதில் பதிவில் இருந்தால் போதும். ஆசிரியர், நூலகர், பெற்றோர், ஆலோசகர் அடங்கிய ஐந்து அல்லது ஏழு பேர் குழு முழு நூலையும் படித்து எழுத்தில் பரிந்துரை தர வேண்டும், அதுவரை நூல் இருந்த இடத்தில் இருக்கும். மெக்மினில் நடந்ததுபோல் அலுவலக அறையிலிருந்து நேரே வாக்கெடுப்புக்குப் போகும் பாதையில், நூலை முழுதாகப் படித்தவர் வாக்களிப்பவராக இருக்க வேண்டிய கட்டாயம் எங்குமில்லை. பாதி மறைப்பதை ஒரு வாய்ப்பாகவே மேசையில் வைக்கக் கூடாது. வைப்பது, எடுப்பது, வகுப்பு மாற்றுவது ஆகிய மூன்றும் போதும்.

நூலகத்தில் வேறொரு சின்ன வேலை இருக்கிறது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி முறையில் காமிக்ஸ் எல்லாம் 741.5 என்ற எண்ணில் சேரும். அப்படி வைத்தால் ஏழு வயதுக் குழந்தையின் பூனைக் காமிக்ஸும் ஸ்பீகல்மனின் பூனைகளும் ஒரே தட்டில் நிற்கும். புகார் பாதி அங்கிருந்து பிறக்கிறது. 'மௌஸ்' யூத இனப்படுகொலைக்கான 940.5318-ல் நின்றால் தேடுகிறவர்தான் எடுப்பார். ஆனால் எல்லா காமிக்ஸையும் இப்படிப் பொருள்வாரியாகக் கலைத்துப் போட்டால், வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் நேராகப் போய் நிற்கும் ஒரே தட்டு காணாமல் போய்விடும். கனமான நூல்களை மட்டும் மாற்றுவது போதும்.

மெக்மின் வாரியத்தை ஒரு விஷயத்தில் பாராட்டித்தான் ஆக வேண்டும். யார் என்ன சொன்னார் என்று விரிவாகக் குறிப்பெடுத்து, முழு நூலையும் பார்க்கவில்லை என்று ஒரு வாரிய உறுப்பினர் சொன்னதையும் நீக்காமல், அப்படியே பொதுவில் வைத்தார்கள். தங்கள் கூட்டக் குறிப்பில் அவர்கள் ஒரு வரியையும் மறைக்கவில்லை.